மூன்றாவது பதில்

“பெட்டி சொல்லலை மேடம், உள்ள ஆள் இல்லைன்னு. நாமதான் சொல்றோம்.”

என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போய்விட்டது. டாக்டர் ரேணுகா கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன், ஆனால் விடவில்லை. நாய் என்றால் பயமா என்று எங்கள் நோயாளி திருமூர்த்தியிடம் கேட்டோம், ‘இல்லை’ என்று வந்தது. நேற்றும் கேட்டோம், ‘இல்லை’. இன்று காலை கேள்விகளின் வரிசையைக் குலைத்துப் போட்டு நடுவில் நுழைத்துக் கேட்டேன், அப்போதும் ‘இல்லை’. உள்ளே ஒருவருமே இல்லையென்றால் இத்தனை பிடிவாதமாக ஒரே பதிலைச் சொல்வது யார், காற்றா?

பெட்டி என்று நாங்கள் கூப்பிடுவது ‘உள்குரல்’ இயந்திரத்தை. பேசவும் கண் திறக்கவும் முடியாமல் கிடப்பவரின் தலையில் ஒரு தொப்பியை மாட்டிக் கேள்வி கேட்போம். பதில் ‘ஆமாம்’ என்றால் அவர் தான் நடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ‘இல்லை’ என்றால் ஒரு பாட்டை மனதுக்குள் முணுமுணுக்க வேண்டும். இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு இடம் வெளிச்சமாகும். விஷயம் அவ்வளவுதான். நான் நிலோஃபர், அதை இயக்குகிறவள். கோவையில் இந்த வேலைக்குப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், செத்துப்போனதாகவே வீட்டார் நினைத்துவிட்ட ஒரு அம்மா ‘ஆமாம்’ என்றார். நான் படிக்கட்டுக்கு ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தேன். இதன் மேல் எனக்கு அந்த அளவுக்குப் பைத்தியம்.

பெட்டியில் கோளாறே கிடையாது. கோளாறு, பெட்டியைச் சுற்றிக் கட்டி வைத்த சட்டத்தில். நோயாளி நினைவோடு இருக்கிறார் என்று நிரூபிக்க, விடை தெரிந்த கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். அந்த விடைகளை உறவினர் ஒருவர் கேமராவுக்கு முன்னால் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். உறவினர் என்றால் ரத்தத்தாலோ திருமணத்தாலோ உறவு. வேறு யாரும் வாயே திறக்கக் கூடாது. உறவினர் சொன்னதும் நோயாளி சொன்னதும் ஒத்துப்போனால் உள்ளே ஆள் இருக்கிறார். ஒத்துப்போகாவிட்டால் வந்ததெல்லாம் வெறும் இரைச்சல், உள்ளே யாரும் இல்லை. மொத்தம் இரண்டு வாய்ப்பு. அதற்குப் பிறகு குழாய்களைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோகக் குடும்பத்துக்கு அனுமதி உண்டு. வீட்டுக்கு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

திருமூர்த்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் நிறம் சேர்க்கிறவர். நீலாம்பூர் பக்கம் லாரி இடித்து இங்கே வந்தார். சத்தியம் செய்து விடை சொன்னவர் அவருடைய அப்பா நாச்சிமுத்து, கோபி பக்கம் வாழைத்தோட்டக்காரர். பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர் எல்லாம் சரியாகச் சொன்னார், பையன் பதிலும் ஒத்துப்போனது. பிறகு சொன்னார்: பையனுக்கு நாய் என்றால் பயம், ஆட்டுக்கறி என்றால் உயிர், கார் ஓட்டத் தெரியாது, திருப்பூரில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறான். திருமூர்த்தி எல்லாவற்றுக்கும் மாற்றிச் சொன்னார். பாதி சரி, பாதி தப்பு. காசு சுண்டிப் போட்டாலும் இப்படித்தான் வரும் என்று முதல் சுற்றில் தோற்கடித்துவிட்டார்கள்.

“வைத்தியத்துல நீ சொல்றது சரி நிலோ,” என்றார் டாக்டர். “சட்டத்துல குடும்பம் சொல்றதுதான் உண்மை.”

“குடும்பத்துக்கே தெரியலைன்னா?”

அவர் மறுநாள் இரண்டாவது சுற்று என்றும், ஆம்புலன்ஸுக்கு அந்தப் பெரியவர் இப்போதே சொல்லி வைத்துவிட்டார் என்றும் மட்டும் சொன்னார்.

நான் நேராக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு பழைய கார் நின்றிருந்தது, உச்சியில் சிவப்பில் எல் போர்டு, பக்கவாட்டில் ‘இசக்கி டிரைவிங் ஸ்கூல்’. உள்ளே இசக்கிமுத்து. திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், திருமூர்த்தியோடு ஒன்பது வருடமாகச் சிங்காநல்லூரில் ஒரே வீட்டில் இருப்பவர். விபத்தன்று ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே இந்தக் காரில் வந்தவர் இவர்தான், அவசரப் பிரிவில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் இவர்தான். அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மேல் மாடிக்கு மாற்றியதும் லிஃப்ட் அவர் முகத்தைப் பார்த்தது, உறவினர் பட்டியலில் தேடியது, கதவைத் திறக்க மாட்டேன் என்றது. அன்றிலிருந்து காரில்தான் இருக்கிறார். நான் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் இறங்கி வந்து எப்படி இருக்கான் என்று கேட்பார். சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தலையை மட்டும் ஆட்டுவேன்.

அன்று நான் கேட்டேன். “இசக்கிண்ணா, அவருக்கு நாய்னா பயமா?”

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். “எங்க வீட்டுக் கட்டில்ல ரெண்டு நாய் படுத்துக் கெடக்கு தங்கச்சி. ஜாங்கிரின்னு ஒண்ணு, பூந்தின்னு ஒண்ணு. நான் கீழ பாயில கெடக்கேன். அவனுக்கா பயம்?”

“ஆட்டுக்கறி?”

“அவன் கறியத் தொட்டே வருசக்கணக்காச்சு. நான் தின்னாலே மூக்கப் பொத்திக்கிடுவான்.”

“கார் ஓட்டுவாரா?”

“நான்தானே சொல்லிக் குடுத்தேன். அப்படித்தான பழக்கமே. ஆனா இன்னும் ரிவர்ஸ் எடுக்க வராது, அது வேற கதை. எதுக்குக் கேக்க?”

சொன்னேன். விதியை மீறித்தான் சொன்னேன், வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். தப்பு என்று குறிக்கப்பட்ட பதில் ஒவ்வொன்றும் சரியான பதில். திருமூர்த்தி முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா சொன்னது ஒன்பது வருடத்துக்கு முன்பு வீட்டை விட்டுப் போன பையனைப் பற்றி.

இசக்கி இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்போ அவன் பேசிக்கிட்டுதான் கெடக்கானா?”

“ஆமா.”

“கேக்க ஆளில்லாம.”

எனக்கு எரிந்தது. 2018-ல் இந்த நாடு இவர்களைப் பார்த்து, ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை, போங்கள் என்றது. எல்லோரும் வண்ணக்கொடி பிடித்துக் கொண்டாடினார்கள். 2023-ல், கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்கு அடிப்படை உரிமை கிடையாது, அதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. நாடாளுமன்றம் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. இதற்கிடையில் செத்தவன் போலக் கிடப்பவன் மனதைப் படிக்க இயந்திரம் வந்துவிட்டது. மூளைக்குள் ஓடுகிற பாட்டை எங்களால் பிடிக்க முடிகிறது. பக்கத்து வீடே அறிந்த ஒரு குடும்பத்தைக் குடும்பம் என்று எழுத நாடாளுமன்றத்தால் முடியவில்லை. ஜெயிலுக்குப் போக வேண்டாம், ஆனால் ஆஸ்பத்திரிக்குள்ளும் போக முடியாது. இதற்குப் பெயர் சுதந்திரமாம்.

திருமூர்த்தியின் அக்கா பூங்கொடியைக் கேன்டீனில் பிடித்தேன். கோபியில் அரசுப் பள்ளி ஆசிரியை, விவாகரத்து ஆனவர், அப்பாவுக்குத் துணையாக வந்திருந்தார். நடந்ததைச் சொல்லி, உண்மையான விடைகளை நீங்கள் சத்தியம் செய்து சொன்னால் போதும், நீங்களும் ரத்த உறவுதானே என்றேன். அவர் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். எங்கே இருக்கிறார் அந்த மனிதர் என்று மட்டும் கேட்டார்.

காரில் ஓட்டுநர் இருக்கைதான் காலியாக இருந்தது. சொல்லித்தருகிறவருக்கான இடது இருக்கைக்கு நகர்ந்திருந்த இசக்கி எழுந்திருக்கவே இல்லை, பழக்கம். ஆகவே டீச்சர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து தன் தம்பியின் வாழ்க்கையைப் பாடம் கேட்டார். காலையில் டீயா காப்பியா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், எதற்குச் சிரிப்பான், எதற்குக் கோபப்படுவான். இசக்கி சொல்லச் சொல்ல அவர் வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இடையில் ஒருமுறை சிரித்தார், ரிவர்ஸ் விஷயத்துக்கு. தம்பி ஏன் வீட்டை விட்டுப் போனார் என்று பின் இருக்கையிலிருந்து நான் கேட்டதற்குத்தான் பூங்கொடி அந்தப் பழைய கதையைச் சொன்னார். அவிநாசியில் பெண் பார்த்து நிச்சயம் வரைக்கும் போயிருந்ததாம். பையன் தன்னைப் பற்றி வீட்டில் சொன்னபோது அப்பா கத்தக்கூட இல்லையாம். ஊருக்காக இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள், அப்புறம் நீ எங்கே எப்படி இருந்தாலும் நான் கேட்க மாட்டேன் என்றாராம்.

“அந்தப் புள்ளகிட்டத் தெனமும் பொய் சொல்ல முடியாதுங்கய்யான்னுட்டான் என்ற தம்பி,” என்றார் பூங்கொடி. “அன்னிக்கே பை எடுத்துட்டுக் கெளம்பிட்டான்.”

“அவனுக்குப் பொய் வராதுக்கா,” என்றார் இசக்கி. “கடைக்காரன் சட்டை நல்லாருக்கான்னு கேட்டாக்கூட உண்மையச் சொல்லிட்டு வந்துருவான்.”

மறுநாள் காலை நாச்சிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னோம், ஒன்றை மட்டும் அவர் ஒரேயடியாக மறுத்தார். நாய், கறி, கார் இதெல்லாம் மாற்றிச் சொல்ல அவருக்குச் சம்மதம். ஆனால் கூட யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி கட்டாயக் கேள்வி, அதை விட முடியாது. “அந்தப் பேரை என்ற வாயில வர வெக்காதீங்க அம்மணி,” என்றார் என்னிடம். கேமராவில் பதிவாகும், நாளைக்கு ஊரில் யாராவது பார்ப்பார்கள், பேத்தியைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்றார். மகன் சாவதா பிழைப்பதா என்பதைவிட ஊர் பார்ப்பதா வேண்டாமா என்பது பெரிய கேள்வியாக இருந்தது அவருக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தொப்பியின் ஒயர்களைச் சரிசெய்தேன்.

பூங்கொடி அப்பாவைத் தாண்டிப் போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றார். வகுப்பில் நிற்பது போலவே நின்றார்.

“என்ற தம்பி சிங்காநல்லூர்ல இசக்கிமுத்துங்கறவரோட குடும்பமா இருக்கறான். இது எனக்குத் தெரியும். சத்தியமாச் சொல்றேன்.”

சுற்று ஆரம்பித்தது. நாய்? ஒத்துப்போனது. கறி? ஒத்துப்போனது. கார்? ஒத்துப்போனது. வரிசையாகப் பச்சை, பச்சை, பச்சை. கடைசிக் கேள்வி, இசக்கிமுத்துவோடு வாழ்கிறீர்களா. நான் வாக்கியத்தை முடிக்கவே இல்லை, அதற்குள் நடக்கிற இடம் திரையில் பற்றிக்கொண்டது. நடை என்று சொல்லக் கூடாது. ஓட்டம். டாக்டர் ரேணுகா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து கட்டிலுக்குப் பக்கத்தில் போய் மகன் காலைத் தொட்டு, “அப்புனு, அய்யன் பேசறது கேக்குதா?” என்றார். ‘ஆமாம்’ என்று வந்தது. பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒழுங்காக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாரே மனிதர்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

அன்று மதியம் டாக்டர் எங்களைக் கீழே கேன்டீனுக்கு வரச்சொன்னார், இசக்கியும் இருக்கட்டும் என்பதற்காக. விஷயம் இதுதான் என்று விளக்கினார். நினைவு இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, அதை அணையாமல் காப்பாற்ற வேண்டும். மாதக்கணக்கில் தினமும் பெட்டி வழியாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச ஆள் இல்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் எந்தப் பெட்டியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதற்குத் துணையாள் என்று ஒருவரைப் பதிய வேண்டும். ஒருவர்தான், அவரும் உறவினராக இருக்க வேண்டும். இசக்கியும் திருமூர்த்தியும் வக்கீல் வைத்து எழுதிக்கொண்ட பத்திரம் ஒன்று இருந்தது, அதை டாக்டர் ஏற்கெனவே சட்டப்பிரிவில் காட்டிவிட்டார். மற்றதுக்கெல்லாம் செல்லுமாம், பெட்டிக்குச் செல்லாதாம்.

நாச்சிமுத்து தானே இருக்கிறேன் என்றார். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறவர் அவர். பூங்கொடி முடியாது என்று தலையை அசைத்தார்.

“லீவு போட்டு நான்கூட உக்காந்துக்கலாம் கண்ணு,” என்றார் என்னிடம். “ஆனா அவன்கிட்டப் பேசறதுக்கு என்கிட்ட என்ன இருக்குது? நேத்து இவர்கிட்டக் கேட்டுத்தான அவனையே தெரிஞ்சுக்கிட்டேன்.”

பிறகு சட்டம் யார் யாரையெல்லாம் உறவினர் என்கிறது என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். பெற்றோர், பிள்ளைகள், மனைவி, கூடப்பிறந்தவர்கள், கூடப்பிறந்தவர்களின் கணவன் மனைவி, சித்தப்பா, பெரியப்பா. திருமூர்த்தியை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒன்றுவிட்ட அண்ணன்கூட உண்டு. பூங்கொடி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“அக்கா புருஷன் வருதுங்களா இதுல?”

“வருது.”

இசக்கிக்குத்தான் முதலில் புரிந்தது. வேண்டாம் என்று எழுந்துவிட்டார். “அக்கா, இது அசிங்கம். அவனுக்குத் தெரிஞ்சா என்னையச் செருப்பாலேயே அடிப்பான்.”

“எந்திரிச்சு வந்து அடிக்கட்டும். அதுக்குத்தான பண்றோம்.”

தமிழ்நாட்டில் சுயமரியாதைக் கல்யாணத்துக்கு ஐயரும் வேண்டாம், அக்னியும் வேண்டாம், முன்கூட்டி நோட்டீஸும் வேண்டாம். சாட்சிகள் முன்னால் ஒருவருக்கொருவர் சம்மதம் சொல்லி மாலை மாற்றினால் போதும், அந்த நிமிடமே செல்லும். சாதி பார்க்காமல், சாமி பார்க்காமல், மனசு பார்த்துக் கட்டிக்கொள்ளட்டும் என்று யாரோ போராடி வாங்கிக் கொடுத்த சட்டம். அன்று சாயங்காலம் எல் போர்டு காருக்குப் பக்கத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக்கு நானும், லைசென்ஸ் எடுக்கப் படித்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்களும். இசக்கி மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “அக்கா, நல்லா யோசிச்சுக்கங்க,” என்றார் மறுபடியும்.

“அக்கான்னு கூப்பிடாதீங்க. சாட்சி நிக்கறாங்க.”

அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாலை வாடுவதற்குள் கைபேசியிலேயே பதிவு முடிந்து சான்றிதழ் வந்துவிட்டது. அதில் எங்கேயும் நீங்கள் ஒருவரை ஒருவர் நேசிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருப்பீர்களா என்று கேட்கவில்லை. ஒன்று ஆண், ஒன்று பெண். போதும், வாழ்க வளமுடன். ஒன்பது வருடம் ஒரு கட்டிலையும் இரண்டு நாயையும் பங்கு போட்டுக்கொண்டவர்கள் சட்டத்துக்கு யாரோ எவரோ. நேற்று ஒரு காருக்குள் அறிமுகமான இரண்டு பேர் சட்டத்துக்குத் தம்பதி.

நாச்சிமுத்து கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். சாதி விட்டுச் சாதி, மகளுக்கு இரண்டாம் கல்யாணம், ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பிப்பார் என்று தயாராக இருந்தேன். அவரோ பக்கத்தில் வந்து, ஏதோ பாரம் இறங்கின மாதிரி சொன்னார். “ஊர்ல மருமகன்னு சொல்லிக்கலாமுங்க அம்மணி. அதுல ஒண்ணும் தப்பில்லீங்க.”

ஒரு உண்மையை வாயால் சொல்ல மாட்டேன் என்று மகனையே விடத் துணிந்தவருக்கு, பொய் எவ்வளவு லகுவாக வாய்க்குள் உட்கார்ந்துகொண்டது பாருங்கள். அவரை மட்டும் சொல்லி என்ன பயன், சட்டமே அப்படித்தானே செய்திருக்கிறது. அன்று முதல்முறையாக இசக்கியின் முகத்தைப் பார்த்து லிஃப்ட் கதவைத் திறந்தது. திரையில், வரவேற்கிறோம், உறவுமுறை மச்சான் என்று வந்தது. அதை ஒரு எட்டு எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

அறைக்குள் நான் பெட்டியைத் தயாராக வைத்திருந்தேன். இசக்கி வாசலிலேயே நின்றுவிட்டார். தொப்பிக்குக் கீழே இளைத்துப்போன முகத்தைப் பார்த்ததும் காலை எடுத்து வைக்க முடியவில்லை அவருக்கு. பூங்கொடிதான் முதுகில் கை வைத்துத் தள்ளினார். ஒரு சடங்கு மிச்சம் இருந்தது. நினைவுள்ள நோயாளியிடம், துணையாளாக வருகிறவரின் உறவை உறுதி செய்துகொள்ள வேண்டும். கேள்வியின் வார்த்தைகள்கூடச் சட்டத்திலேயே இருக்கின்றன, நான் வாசிக்க மட்டும்தான் முடியும். அதற்கு முன்னால் யாரும் நோயாளியோடு பேசக் கூடாது, சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடுமாம். மூன்று முறை கேட்கலாம், ஒரு முறை ‘ஆமாம்’ வந்தால் போதும். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வாசித்தேன். “உங்கள் அருகில் நிற்கும் இசக்கிமுத்து உங்கள் அக்காவின் கணவரா?”

வாசிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேர் கூடி இத்தனை வேலை பார்த்தோம், பதிவாளருக்குச் சொன்னோம், லிஃப்டுக்குச் சொன்னோம், அப்பாவுக்குச் சொன்னோம். படுத்திருக்கும் மனிதரிடம் யாருமே சொல்லவில்லை.

திரையில் பாட்டு இடம் வெளிச்சமானது. இல்லை.

பூங்கொடி என்னைப் பார்த்தார். நான் மறுபடி வாசித்தேன். இன்னும் பளிச்சென்று வந்தது, இல்லை. கேட்கிற மடையர்களுக்குப் புரியட்டும் என்பது போல. மூன்றாவதும் இல்லை என்று வந்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பொய்த் திருமணம் என்று போலீஸுக்குத் தானாகவே தகவல் போகும். டீச்சருக்கு வேலை போகும், இசக்கி மறுபடி வெளியே, அதுவும் வழக்கோடு. திருமூர்த்தி கோபிக்கு. அங்கே பெட்டி கிடையாது.

அந்த நேரம் பார்த்து அறையின் ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். கேமராவுக்கு நடுவில் என் முதுகு வேறு இருந்தது.

இசக்கி குனிந்து அவர் காதருகே போனார். “மூர்த்தி, நான்தாம்ல. வேற வழியில்ல. இவனுவ இதுக்குத்தான் கதவத் தொறக்கானுவ. ஒருக்கா மட்டும் சொல்லிரு.”

கேட்டேன். மூன்றாவது முறை.

ஒன்றும் வரவில்லை. பாட்டும் இல்லை, நடையும் இல்லை. திரை சும்மா கிடந்தது. நேரம் முடிந்துவிடும் என்று பெட்டியின் பொத்தானிலிருந்து விரலை எடுக்கப் போனேன். அப்போது நடக்கிற இடம் மங்கலாக, மிக மங்கலாக, ஒளிர ஆரம்பித்தது. காலையில் ஓடிய மனிதரா இவர் என்று இருந்தது. சேற்றில் கால் புதைந்து புதைந்து நடப்பது போல ஒரு நடை. ‘ஆமாம்’.

பதிந்துகொண்டேன். உறவு உறுதி செய்யப்பட்டது.

இது நடந்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது. இசக்கி தினமும் வருகிறார். டிரைவிங் ஸ்கூலைக் காலையில் மட்டும் நடத்துகிறார், மற்ற நேரமெல்லாம் இங்கேதான். நாய்களின் குரைப்பைக் கைபேசியில் பிடித்துவந்து போட்டுக் காட்டுகிறார். திருமூர்த்தியின் பதில்கள் வாரத்துக்கு வாரம் தெளிவாகின்றன. கண்ணிமை ஒருமுறை அசைந்தது. பூங்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமைகளில் வருகிறார். எல்லாம் நல்லபடியாகவே போகிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் அன்று மற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனதும் இசக்கி அவரிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு மட்டும் தெரியும், பெட்டியை இயக்க நான் உள்ளேயே இருந்தேன், திரை என் பக்கம் இருந்தது. “கோவமால?” என்று கேட்டார். ‘ஆமாம்’ என்று வந்தது. இந்தமுறை தயக்கமே இல்லை. “என் மேலயா?” என்று கேட்டார். ‘இல்லை’. அதற்கு மேல் கேட்காமல் இசக்கி கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு பெண்ணிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று வீட்டையே விட்டு வந்தவர். கண்ணைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல், மண்டைக்குள் மட்டும் மிச்சம் இருந்தவர். அந்த இடத்துக்குள்ளேயும் போய் ஒரு பொய்யை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம், அதற்குக் கருவியாக இருந்தது நான் பைத்தியமாக நேசிக்கிற இயந்திரம், வாசித்தது என் குரல். டாக்டர் மேடம் நீ ஒரு உயிரைக் காப்பாற்றினாய் என்கிறார். எங்கள் வீட்டில் அம்மா, நல்லதுதானே செய்தாய், ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் சொல்லுங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு: என் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், மூன்றாவது முறை அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா?